தலையெண்ணிக்கையும் தரைவாடகையும்

(பள்ளுருத்தியில் நடைபெற்ற சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பகல் முழுதும் சாந்துச் சட்டி சுமந்து, மூட்டை தூக்கி, நாலு வீட்டில் பாத்திரம் துலக்கி முடித்த களைப்போடு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களை நெடுநேரம் நிறுத்திவைக்க நாங்கள் விரும்பவில்லை. ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். நாம் குடியிருக்கும் அறையின் வாடகை ஏன் ஆண்டுதோறும் ஏறுகிறது?

இதற்குத் தேநீர்க் கடையில் ஒரு பதில் கிடைக்கிறது. “இடம் கொஞ்சம், ஆள் அதிகம். அண்ணாச்சிமார் வந்து குவிந்தால் வாடகை ஏறாமல் என்ன செய்யும்?” என்கிறார்கள். அதைக் கேட்டு நம்மில் பலர் தலைகுனிந்து வருகிறோம். ஏதோ நாம்தான் இந்த ஊருக்குக் கேடு கொண்டுவந்தவர்கள் போலவும், கொடுக்கிற வாடகை அதற்கான தண்டம் போலவும் நினைத்துக்கொள்கிறோம். அந்தப் பதிலில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பொய் என்று இன்று எடைபோட்டுப் பார்ப்போம்.

நிலம் குறைவு என்பது மெய்

முதலில் உண்மையை ஒப்புக்கொள்வோம். கேரளம் நெருக்கமான மாநிலம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இங்கே சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 860 பேர். நம் தமிழகத்தில் 555 பேர். இந்தியா முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் 382 பேர். கொச்சி மாநகராட்சி 95 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கியது. அதிலே ஆறு லட்சம் மக்கள். அதாவது, சதுர கிலோமீட்டருக்கு ஆறாயிரத்துக்கும் மேல்.

அந்த 95 சதுர கிலோமீட்டரிலும் தண்ணீர் புகாத இடம் எவ்வளவு? துருத்தி என்ற பழந்தமிழ்ச் சொல்லுக்கு நீருக்கு நடுவே எழுந்த நிலம் என்று பொருள். தஞ்சைக்கு அருகே திருப்பூந்துருத்தி இருப்பது போல இங்கே ஃபோர்ட் கொச்சியில் துருத்தி இருக்கிறது, வெண்டுருத்தி இருக்கிறது, நம்மவர் ஆயிரக்கணக்கில் வாழும் வாத்துருத்தி இருக்கிறது. மேற்கே கடல், கிழக்கே காயல். பெரும்படப்பு, இடக்கொச்சி, கும்பளங்கிப் பக்கம் கடல் ஓதம் ஏறும் நாள்களில் - வேலியேற்றம் என்று இவ்வூரார் சொல்வது - உப்புநீர் வாசல்படி தாண்டி அடுப்பங்கரை வரை வருவதை நம் தாய்மார்கள் அறிவார்கள். அந்தத் தண்ணீருக்குப் பயந்து வீட்டுக்காரர் லோடு கணக்கில் மண்ணடித்துத் தரையை உயர்த்துகிறார். தரை உயர்ந்த மாதமே வாடகையும் உயர்கிறது.

மீதமிருந்த நெல்வயலையும் சதுப்பையும் தூர்க்கக் கூடாது என்று 2008-ல் கேரள அரசு சட்டம் கொண்டுவந்தது. நல்ல சட்டம். வெள்ளம் போவதற்கு இடம் வேண்டாமா? ஆனால் கட்டுவதற்குரிய மனை அதனால் மேலும் அருமையாயிற்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆகவே, “இடம் கொஞ்சம்” என்பது மெய். “ஆள் அதிகம், அதனால்தான் விலை” என்ற அடுத்த பாதியைப் பார்ப்போம்.

தலை கூடவில்லை, விலை கூடியது

2001-ல் கொச்சி மாநகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 5 லட்சத்து 96 ஆயிரம். 2011-ல் ஏறத்தாழ 6 லட்சத்து 2 ஆயிரம். பத்து ஆண்டில் கூடியது நூற்றுக்கு ஒருவர்தான்! கேரளம் முழுவதும் சேர்ந்தே அந்தப் பத்தாண்டில் கூடியது நூற்றுக்கு ஐவருக்கும் சற்றுக் குறைவு. ஆனால் அதே பத்தாண்டில் இந்நகரத்தில் மனை விலை என்ன ஆயிற்று? பல மடங்காயிற்று. தலை மட்டுமே விலையைத் தீர்மானிக்கும் என்றால், நூற்றுக்கு ஒரு தலை கூடியதற்கு விலை ஏன் மடங்கு மடங்காக ஏற வேண்டும்?

மாநகராட்சி எல்லைக்கு வெளியே நகரம் பெருகியிருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். பெருகித்தான் இருக்கிறது. உள்ளே இருக்க முடியாதவர்களை விலை வெளியே தள்ளியதும் அந்தப் பெருக்கத்திற்கு ஒரு காரணம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதே 2011 கணக்கெடுப்பில் கேரளத்தில் ஆளில்லாமல் பூட்டிக்கிடந்த வீடுகள் பத்து லட்சத்துக்கும் மேல். ஏறத்தாழ பத்து வீட்டுக்கு ஒரு வீடு பூட்டு! இந்தியா முழுவதும் நகரங்களில் மட்டும் ஒரு கோடியைத் தாண்டிய வீடுகள் காலி. மறுவருடம், 2012-ல், மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழு நகர்ப்புறத்தில் ஒரு கோடியே 88 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்றது. அந்தப் பற்றாக்குறையில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் ஏழைகளுக்கும் குறைந்த வருவாய்க்காரர்களுக்கும் உரியது என்றும் அதே குழு சொன்னது.

ஒரு பக்கம் பூட்டிய வீடு, மறுபக்கம் வீடில்லா மனிதர். இதற்குப் பெயர் மக்கள்பெருக்கமா? வளைகுடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரும் பணம் வங்கியில் கிடப்பதைவிட மனையிலும் மாடியிலும் கிடந்தால் வளரும் என்ற நம்பிக்கை இருக்கிறது. குடியிருக்க வாங்குகிறவர் ஒருவர். விலை ஏறும் என்று வாங்கிப் பூட்டி வைக்கிறவர் மூவர் என்றால், அந்த ஒருவரும் மூவரின் விலையைத்தான் கொடுக்க வேண்டும். சந்தையில் வெங்காயத்தைப் பதுக்கினால் சட்டம் கேட்கிறது. மனையைப் பதுக்கினால் அவரைக் கெட்டிக்காரர் என்கிறோம்.

வேண்டும்போது நிலம் முளைத்தது

இந்த நகரத்துக்கு நிலம் வேண்டும் என்று பணமும் அதிகாரமும் நினைத்தபோதெல்லாம் நிலம் கிடைத்திருக்கிறது என்பதையும் பாருங்கள். 1920-களிலும் 30-களிலும் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளரின் தலைமையில் துறைமுகத்துக்காகக் காயலைத் தூர்வாரினார்கள். அந்த மண்ணைக் கொட்டி நூற்றுக்கணக்கான ஏக்கரில் வெல்லிங்டன் தீவை எழுப்பினார்கள். பின்னர் எறணாகுளத்தில் மெரைன் டிரைவ் எழுந்தது. 2004-ல் திறக்கப்பட்ட கோசிரீ பாலங்களுக்கான பணம் காயலில் 25 ஹெக்டேர் நிலம் உண்டாக்கி விற்றதிலிருந்து வந்தது. கப்பலுக்கு நிலம் முளைத்தது; கடைவீதிக்கு முளைத்தது; உழைப்பவன் தலைசாய்க்க என்று கேட்கும்போது மட்டும் “காயலும் கடலும்தானே” என்கிறார்கள்.

இனி யாரும் காயலைத் தூர்க்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. தண்ணீர் ஏறும் வீட்டில் வாழும் நாம் அதைக் கேட்கக் கூடாது. துறைமுகத்தின் கையிலும் அரசுத் துறைகளின் கையிலும் பயனற்றுக் கிடக்கும் இடத்தைக் கணக்கெடுங்கள் என்றே கேட்கிறோம்.

விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததா என்றும் கேட்போம். காயலோரம் ஒரு மீனவர் ஓர் அறை கூட்டிக் கட்டக் கடற்கரைச் சட்டத்தின் பெயரால் எத்தனை படி ஏறி இறங்க வேண்டியிருந்தது! அதே காயலோரம் மரடில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் விதியை மீறி எழுந்தன. உச்ச நீதிமன்றம் 2019-ல் ஆணையிட்டு, 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்தபோதுதான் நாடு அறிந்தது. முந்நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் சில நொடிகளில் மண்ணாயின.

நம் அறையின் கணக்கு

இப்போது நம் சொந்த அறைக்கு வருவோம். கணக்குக்காக ஒன்று சொல்கிறோம்; கூடக்குறைய இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். பத்தடிக்குப் பத்தடி அறை. ஐந்து பேர். தலைக்கு 1,200 ரூபாய். மாதம் 6,000. சதுர அடிக்கு 60 ரூபாய். அதே தெருவில் குழாயும் கழிப்பறையும் உள்ள 800 சதுர அடி வீட்டை ஓர் அலுவலர் குடும்பம் 16,000-க்கு எடுக்கிறது என்று வையுங்கள். சதுர அடிக்கு 20 ரூபாய். அதாவது, ஐந்து பேருக்கு ஒரு விளக்கும், முப்பது பேருக்கு ஒரு கழிப்பறையும் உள்ள இடத்துக்கு நாம் கொடுப்பது மூன்று மடங்கு!

இது எப்படி நடக்கிறது? மற்றவர்களுக்கு வீட்டை வாடகைக்கு விடுகிறார்கள். நமக்குத் தலையை வாடகைக்கு விடுகிறார்கள். வாடகை தலைக்கு என்று ஆனபின், அறையில் ஆள் கூடக்கூட இடம் சுருங்குகிறது, வருமானம் பெருகுகிறது. நெருக்கம் வாடகையைக் குறைக்க வேண்டியது. இங்கே நெருக்கமே வாடகையைக் கூட்டும் எந்திரமாகிவிட்டது. அந்த அளவு தருகிறவர்கள் இருப்பதால் அந்த நிலத்தின் விலையும் கூடுகிறது. கூடிய விலையைக் காட்டி அடுத்த ஆண்டு வாடகை கூடுகிறது. இந்தச் சுற்றில் கல்லைக் கட்டி இழுப்பவர்கள் நாமே.

மலிவான ஊருக்குப் போகலாமே என்பார்கள். காலை ஏழு மணிக்கு ஆள் எடுக்கும் முக்கில் நிற்காவிட்டால் அன்றைய கூலி போயிற்று. முதல் பஸ் வருவதற்குள் வேலை வேறொருவன் கைக்குப் போய்விடும். ஆகவே, நாம் வாடகை கொடுப்பது நான்கு சுவருக்கு அல்ல; அந்த முக்குக்கு நடந்துபோகும் தூரத்துக்கு.

வீட்டுக்காரர் எல்லாரும் முதலாளிகளா?

இங்கே ஓர் எச்சரிக்கை. நமக்கு அறை விட்டிருப்பவர்கள் எல்லாரும் பணக்காரர்கள் அல்லர். 1970 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத்தில், பிறர் மண்ணில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரர்களுக்கு அந்த மண்ணை வாங்கும் உரிமை கிடைத்தது. ஊராட்சியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், மாநகரத்தில் 3 சென்ட். பள்ளுருத்தி 1967-லேயே ஊராட்சி நிலை நீங்கி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. மூன்று சென்ட் என்பது ஏறத்தாழ 1,300 சதுர அடி. நிலத்தின் மேல் உரிமையே இல்லாதவருக்கு அது பெரிய வெற்றி. போராடிப் பெற்ற வெற்றி.

ஆனால் இரண்டு தலைமுறை கடந்துவிட்டது. அந்த மூன்று சென்ட்டை மூன்று பிள்ளைகள் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்று. அந்த ஒன்றில் தாம் ஒடுங்கிக்கொண்டு, பின்பக்கம் தகரம் போட்டு இரண்டு அறை இறக்கி, அந்த வாடகையில் மகளின் கல்யாணக் கடனை அடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவரும் நெருக்கப்பட்டவர், நாமும் நெருக்கப்பட்டவர். நெருக்குகிறவர் இந்தத் தெருவிலேயே இல்லை. இதை உணராமல் “மலையாளி வீட்டுக்காரன்” என்று நாமும், “பாண்டிக்காரன் வந்து கெடுத்தான்” என்று அவர்களும் பேசிக்கொண்டிருந்தால், மனையைப் பூட்டி வைத்திருப்பவர் நிம்மதியாகத் தூங்குவார்.

நம்மவர் செய்வது

தோழர்களே, கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு வீட்டை மொத்தமாக வாடகைக்கு எடுத்து, அறைக்கு ஆறு பேர் எட்டுப் பேர் என்று அடைத்து, தலைக்கு இவ்வளவு என்று பிடித்தெடுப்பவர்களில் நம்மவரும் உண்டு. ஊரிலிருந்து புதிதாக வந்த பையனுக்குப் பாஷை தெரியாது, ஊர் தெரியாது. மேஸ்திரி காட்டிய மூலைதான் அவனுக்குக் கொச்சி. கூலியிலிருந்து வாடகையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் வைத்தால், கேட்க அவனுக்கு வாய் ஏது?

சென்ற மாரியில் நம் உறுப்பினர் ஒருவர் மனைவி, கைக்குழந்தையோடு சங்க அறைக்கு வந்தார். ஆறு ஆண்டில் அவருக்கு அது ஐந்தாவது வீடு மாற்றம். குழந்தை பிறந்ததும் “தலை கூடிவிட்டது, இனி இத்தனை தர வேண்டும்” என்று கேட்டிருக்கிறார்கள். பால்குடிக்கும் பிள்ளைக்கும் தலைவாடகை! கேட்டவர் மலையாளி அல்லர், தமிழர். இதைச் சொல்ல நமக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் மறைப்பது அதைவிட வெட்கம்.

வேறு ஊர்கள் கற்றுத்தருவது

கொச்சியைவிட நெருக்கமான ஊர் சிங்கப்பூர். சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ எட்டாயிரம் பேர். 1960-ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தை அமைத்தார்கள். 1966-ல் நிலம் எடுக்கும் சட்டம் கொண்டுவந்தார்கள். இன்று அங்கே நிரந்தரமாகக் குடியிருப்போரில் ஐந்தில் நால்வர் அளவுக்கு அந்தக் கழகம் கட்டிய வீடுகளில் வாழ்கிறார்கள். நிலம் குறைந்தால் வீடு கிடைக்காது என்பது இயற்கை விதி அல்ல என்பதற்கு அது சான்று. ஆனால் அந்த வீடுகளைக் கட்டிய நம் தமிழ்த் தொழிலாளியும் வங்காளத் தொழிலாளியும் எங்கே படுத்தார்கள்? ஒரே அறையில் பலர் அடைந்த விடுதிகளில். 2020-ல் கொரோனா அங்கேதான் காட்டுத்தீயாகப் பரவியது. ஊராருக்கு வீடு, உழைக்க வந்தவனுக்கு விடுதி மூலை என்ற பிரிவினை அங்கேயும் இருக்கிறது.

நம் தமிழகத்தில் 1970-ல் குடிசை மாற்று வாரியம் தோன்றியது. தொடக்கத்தில் குடிசை இருந்த இடத்திலேயே பல அடுக்குகள் எழுப்பினார்கள். பின்னர், நகரத்துக்குள் நிலம் விலையேறிவிட்டது என்று கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏழைகளை ஏற்றி அனுப்பினார்கள். வீடு கிடைத்தது, வேலை வெகுதூரம் போய்விட்டது. வேலையிலிருந்து பிரித்த வீடு பாதி வீடுதான் என்ற பாடத்தை நாம் மறக்கக் கூடாது.

நல்ல முன்மாதிரி இந்த ஊரிலேயே உண்டு. ஃபோர்ட் கொச்சி வெளியில், தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய தமிழ் வண்ணார் மக்களுக்கு, 1976-ல் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் பொது நிலத்தில் தோபிகானா கட்டிக்கொடுத்தது. இன்றும் அங்கே துணி உலர்கிறது, அடுப்பு எரிகிறது. துருத்தியில் மாநகராட்சி வானளாவ இரண்டு கட்டடங்கள் எழுப்பி, நெருக்கத்தில் வாழ்ந்த குடும்பங்களுக்கு அதே வட்டாரத்திலேயே வீடு ஒதுக்கியது. பத்தாண்டுக்கு மேல் இழுத்தாலும் அது எழுந்தது. வெளிமாநிலத் தொழிலாளருக்காகக் கேரள அரசு 2019-ல் பாலக்காடு கஞ்சிக்கோட்டில் ‘அப்னா கர்’ விடுதியைத் திறந்தது. ஆகவே, முடியாதது என்று ஒன்றும் இல்லை. கேட்கிற குரல்தான் போதவில்லை.

நாம் செய்ய வேண்டியது

வெளிமாநிலத் தொழிலாளருக்குத் தகுந்த தங்குமிடம் தருவது ஒப்பந்தக்காரரின் கடமை என்று 1979-லேயே நாடாளுமன்றம் சட்டம் எழுதியது. பின்னர் அது 2020-ல் இயற்றிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைந்தது. அந்த நாற்பது ஆண்டில் இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் அப்படி ஒரு தங்குமிடத்தைக் கண்டீர்கள்? கை தூக்குங்கள் என்று கேட்கவும் நமக்கு மனமில்லை. சட்டம் புத்தகத்தில் இருக்கும். அதைத் தெருவுக்குக் கொண்டுவருவது சங்கம்தான்.

எனவே நான்கு காரியங்களை இக்கூட்டத்தின் முன் வைக்கிறோம்.

ஒன்று: தலைவாடகையை ஏற்பதில்லை. அறைக்கு இவ்வளவு என்று பேசுவோம், எழுத்தில் வாங்குவோம், கொடுத்த முன்பணத்துக்கும் மாத வாடகைக்கும் ரசீது கேட்போம். நீதிமன்ற ஆணையின்றிக் குடியிருப்பவரை வெளியேற்றக் கூடாது என்று 1965 முதலே கேரள வாடகைச் சட்டம் சொல்கிறது. ஆனால் நாம் குடியிருக்கிறோம் என்பதற்கே சான்று இல்லாவிட்டால் சட்டம் யாரைக் காப்பாற்றும்?

இரண்டு: நம் உறுப்பினர் எவரும் நம்மவரிடம் தலைவாடகை வாங்கக் கூடாது. எடுத்த வாடகையைச் சமமாகப் பங்கிடலாம். மேலே ஒரு ரூபாய் வைக்கக் கூடாது. இதை மீறுகிறவர் யாராக இருந்தாலும், பொறுப்பில் இருப்பவராக இருந்தாலும், சங்கத்தில் இடமில்லை என்று தீர்மானம் எழுதுவோம்.

மூன்று: வேலை கிடைக்கும் இடத்துக்கு அருகே, பொது நிலத்தில், குறைந்த வாடகைக்குத் தொழிலாளர் குடியிருப்பு கட்டும்படி மாநகராட்சியையும் மாநில அரசையும் கேட்போம். தனி ஆளுக்கு விடுதி மட்டும் போதாது. குடும்பத்தோடு வந்தவர்களுக்கு வீடு வேண்டும். சொந்தமாக்கித் தர வேண்டியதில்லை. நியாயமான வாடகைக்கு விட்டால் போதும்.

நான்கு: இந்தக் கோரிக்கையை நாம் தனியாக எடுத்துச் செல்லக் கூடாது. ஒரு சென்ட்டில் ஒடுங்கிக் கிடக்கும் பள்ளுருத்திக் குடும்பங்களும், ஓதநீரில் தவிக்கும் பெரும்படப்பு மக்களும் நம்மோடு வர வேண்டும். அவர்களுக்கு வீட்டுத் திட்டத்தில் இடம் கேட்க நாமும் அவர்களோடு போக வேண்டும். நம் கோரிக்கையை மலையாளத்தில் அச்சிட்டு வீடுவீடாகக் கொடுப்போம்.

தோழர்களே, பிழைக்க வந்தவன் இடத்தை அடைக்கிறான் என்கிறார்கள். இந்த நகரத்தின் பாலத்திலும் மாடியிலும் நம் கை படாத சுவர் எத்தனை? இடத்தை அடைத்தவர்கள் அல்லர் நாம்; இடத்தை உண்டாக்கியவர்கள். கட்டியவனுக்குக் கால்நீட்ட ஆறடி வேண்டும் என்று கேட்பது பிச்சையல்ல.

இரண்டாவது தீர்மானத்தை முதலில் வாக்குக்கு விடுகிறோம். பிறரிடம் நியாயம் கேட்கப் போகுமுன் நம் அறைக்குள் அது இருக்கட்டும். ஏற்பவர்கள் கை உயர்த்துங்கள்.